ப எங்கே இருந்தால் என்ன?

கேள்வி இதுதான். கசடத என்பது ஒரு செவ்வகம். கச என்ற பக்கம் 20 சென்டிமீட்டர், சட என்ற பக்கம் 15 சென்டிமீட்டர். கச-வின் மேல் ப என்றொரு புள்ளி இருக்கிறது. அதிலிருந்து இரண்டு மூலைவிட்டங்களுக்கும் செங்குத்துக்கோடு இறக்கி, அந்த இரண்டு கோடுகளின் நீளத்தையும் கூட்டினால் எவ்வளவு வரும்?

அவ்வளவுதான் கேள்வி. ப என்ற புள்ளி மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை.

"தாத்தா, இதில் ஓர் அளவு விட்டுப்போயிருக்கிறது. அச்சுப்பிழை" என்றாள் பேத்தி. இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கிறாள். நாளைக்கு ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிப் பக்கத்தைத் திருப்பப் போனாள். நான் விடவில்லை.

கேள்வி கேட்கிறவர் ஓர் அளவைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மறந்திருப்பார். மற்றது, அந்த அளவு தேவையே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மறந்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் இரண்டாவதைச் சோதித்துப் பார்ப்பதில் நமக்கு என்ன கைநட்டம்?

வினாத்தாளில் ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. நான் தனியாக வரைந்தபோது வல்லினத்தைக் கூப்பிட்டுக்கொண்டேன். நான்கு மூலைகளுக்கு க, ச, ட, த. அலைகிற புள்ளிக்கு ப. மூலைவிட்டங்கள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் நடுப்புள்ளிக்கு ற. ஆறு எழுத்துக்கும் ஆறு வேலை, மிச்சமில்லை.

"ப எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை அல்லவா? அப்படியானால் அதை எங்கே வைப்பது என்பது உன் இஷ்டம். உனக்கு எங்கே வசதியோ அங்கே வை" என்றேன். அவள் கொஞ்சம் சந்தேகத்துடன் என்னைப் பார்த்துவிட்டு நடுவில் வைத்தாள். பிள்ளைகள் எப்போதும் நடுவில்தான் வைப்பார்கள். அதை அழிக்கச் சொல்லி, இழுத்துக்கொண்டுபோய் க என்ற மூலையிலேயே வைக்கச் சொன்னேன்.

மூலையில் வைத்தால் பாதி வேலை தானாக முடிந்துவிடுகிறது. கட என்ற மூலைவிட்டம் அந்த மூலையிலிருந்துதான் புறப்படுகிறது, ஆகவே அதற்குத் தூரம் பூஜ்யம். சத என்ற மற்ற மூலைவிட்டத்துக்கு மட்டும் தூரம் கண்டால் போதும். கசத என்பது செங்கோண முக்கோணம். செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 20, 15. எதிர்ப்பக்கம் பித்தாகரஸ் கணக்குப்படி 25. 400-உம் 225-உம் சேர்ந்து 625, அதன் வர்க்கமூலம் 25. முக்கோணத்தின் பரப்பளவு 20 பெருக்கல் 15-இல் பாதி, அதாவது 150. அதே பரப்பளவை 25 பெருக்கல் உயரத்தில் பாதி என்றும் எழுதலாம். அப்படியானால் உயரம் 12.

ஆக, மூலையில் நின்றால் பூஜ்யமும் 12-உம். கூட்டினால் 12.

இப்போது அவள் ஆசைப்பட்டபடியே நடுவில் வைக்கலாம். ச என்ற மூலையிலிருந்து கட-வுக்குத் தூரம் 12. ப அதில் பாதி வழியில் நிற்கிறது, ஆகவே அதன் தூரம் 6. மற்றப் பக்கமும் அப்படியே 6. கூட்டினால் மறுபடியும் 12.

"அப்போது விடை 12" என்று எழுதப் போனாள். நான்கு விடை கொடுத்து ஒன்றுக்கு வட்டம் போடச் சொல்லும் கேள்வியாக இருந்தால் நானும் எழுது என்றுதான் சொல்லியிருப்பேன். நேரம் மிச்சம். ஆனால் இரண்டு இடங்களில் ஒரே எண் வந்தது என்பதால் இடையில் உள்ள எல்லா இடங்களிலும் அதுதான் வரும் என்று எப்படிச் சொல்வது? இரண்டு மூலைகளிலும் நடுவிலும் 12 வந்து, கால்வாசி தூரத்தில் மட்டும் 13 வந்தால்? வராது என்று நமக்கு ஏதோ தோன்றுகிறது. தோன்றுவதைக் கணக்காக்குவதுதான் மிச்ச வேலை.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரப்பர் பால்மரத்தில் தொடங்கினேன், எண்ணெய் தரும் செம்பனையில் முடித்தேன். இப்போது நாங்கள் குடியிருக்கும் தாமானே, அதாவது வீடமைப்புப் பகுதியே, பழைய பால்மரக் காடு இருந்த இடம்தான். கணக்குப் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் பரப்பளவு என்பது எங்கள் வீட்டில் தினப்படி பேச்சாக இருந்தது. அப்பா காலத்தில் தோட்டத் துண்டாடல் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள், தொழிலாளிகளுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அதற்கு எதிராகத்தான் எங்களூர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அப்பா அதில் பங்கு வாங்கியவர். தோட்ட வரைபடத்தை மேசையில் விரித்து, எந்தத் துண்டு எத்தனை ஏக்கர் என்று பென்சிலால் முக்கோணம் முக்கோணமாகப் பிரித்துப் பார்ப்பார். கோணல் மாணலான நிலத்தை முக்கோணங்களாக வெட்டாமல் அளக்க முடியாது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீளம் கேட்டு மடக்குகிற கேள்விக்குப் பல நேரங்களில் பரப்பளவுதான் வழி விடும். நீளத்தை நேராகப் பிடிக்கப் போனால் நழுவும். அதே நிலத்தை இரண்டு விதமாக அளந்தால் இரண்டு கணக்கும் ஒத்துப்போய்த்தான் ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்திலிருந்து நீளம் வந்து விழுந்துவிடும். மூலையில் 12 என்று கண்டதுகூட அப்படித்தான். 150 என்ற ஒரே பரப்பளவை இரண்டு அடிப்பக்கங்களில் எழுதினோம், வேறென்ன செய்தோம்?

ப எங்கேயோ ஓரிடத்தில் இருக்கட்டும். ப-வையும் ற-வையும் ஒரு கோட்டால் இணை. றகச என்ற முக்கோணம் இப்போது இரண்டு துண்டாகிவிட்டது: றகப, றபச.

இந்த இடத்தில் பேத்தி தயங்கினாள். தயக்கம் எங்கே என்று எனக்குத் தெரியும். அடிப்பக்கம் என்றால் தாளில் கீழே படுத்திருக்கும் கோடு என்றே பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. றகப என்ற முக்கோணத்துக்கு அடிப்பக்கம் எது என்றால் கப என்று உடனே விரல் வைக்கிறார்கள். கப எவ்வளவு என்று தெரியாது, ஆகவே கணக்கு நின்றுவிடுகிறது. நான் தாளை அப்படியே திருப்பினேன், கட என்ற மூலைவிட்டம் மேசையின் விளிம்புக்கு இணையாக வரும்வரை. "இப்போது எது அடிப்பக்கம்?" என்றேன். றக. "ப-விலிருந்து அதற்கு உயரம்?" கேள்வியில் கேட்ட செங்குத்துக்கோடேதான். அவள் 'ஓ' என்று இழுத்ததைக் கேட்டுச் சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

தாளை மறுபக்கம் திருப்பினால் றபச முக்கோணத்துக்கு றச அடிப்பக்கம், மற்றச் செங்குத்துக்கோடு உயரம். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமநீளம், ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டுகின்றன. ஆகவே றக, றச இரண்டும் 25-இல் பாதி, 12.5. அடிப்பக்கம் இரண்டுக்கும் ஒன்றாகிவிட்டதால் உயரங்களைத் தாராளமாகக் கூட்டலாம். இரண்டு துண்டுகளின் மொத்தப் பரப்பளவு 12.5-இல் பாதி பெருக்கல் உயரங்களின் கூட்டுத்தொகை. மொத்தம் எவ்வளவு என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். றகச முக்கோணத்தின் அடிப்பக்கம் 20, உயரம் 15-இல் பாதி 7.5, பரப்பளவு 75. அப்படியானால் 6.25 பெருக்கல் கூட்டுத்தொகை 75-க்குச் சமம். கூட்டுத்தொகை 12.

ப எங்கே என்ற பேச்சு ஓர் இடத்திலும் எழவில்லை. நீ எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள், துண்டுகள் பெரிசும் சிறிசுமாக மாறும், மொத்த நிலம் 75-தான்.

இதற்குள் மூத்த மகனின் பையன் வந்துவிட்டான். இந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறான், கூடுதல் கணிதமும் எடுத்திருக்கிறான், அதனால் கொஞ்சம் தலைக்கனம். தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதற்குப் போய் ஏன் தாத்தா முக்கோணத்தை வெட்டுகிறீர்கள்? சைன் போட்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும்" என்றான். முடித்தும் காட்டினான். மூலைவிட்டம் கச-வோடு சேரும் கோணத்தின் சைன் 15 வகுத்தல் 25, அதாவது ஐந்தில் மூன்று. ஒரு தூரம் கப-வின் ஐந்தில் மூன்று பங்கு. மற்றது பச-வின் ஐந்தில் மூன்று பங்கு. கப-வும் பச-வும் சேர்ந்தால் 20. இருபதின் ஐந்தில் மூன்று பங்கு 12.

சுத்தமான வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை, மூன்றாம் படிவத்திலேயே சைன் வந்துவிடுகிறது, ஆகவே பேத்திக்கும் புரியும். ஆனால் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "சரி, ப-வைப் பக்கத்துச் சுவருக்கு மாற்று. கச-வின் மேல் வேண்டாம், சட-வின் மேல் வை. இப்போது எவ்வளவு?" என்றேன்.

அவன் மறுபடி கோணம் தேட ஆரம்பித்தான். கோணம் மாறிவிட்டது, சைன் ஐந்தில் நான்காகிவிட்டது, பக்கம் 15 ஆகிவிட்டது. 15-இன் ஐந்தில் நான்கு பங்கு 12. எழுதிவிட்டு அவனே சற்று நிமிர்ந்தான். பேத்தி எழுதுகோலைத் தொடவே இல்லை. "மற்ற முக்கோணமும் 75-தான், றசவும் றடவும் 12.5-தான், பிறகு வேறென்ன வரும்?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் தாத்தா பேசக் கூடாது.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். மூலைவிட்டங்கள் செவ்வகத்தை நான்கு முக்கோணங்களாகப் பிரிக்கின்றன. இரண்டு குட்டையாக அகன்றவை, இரண்டு ஒடுங்கி உயர்ந்தவை. பார்த்தால் அகன்றவைதான் பெரியவை என்று கண் சாதிக்கும். 20-ஐ 7.5-ஆல் பெருக்கிப் பாதியாக்கினாலும் 75, 15-ஐ 10-ஆல் பெருக்கிப் பாதியாக்கினாலும் 75. நான்கும் சம பங்கு. அதனால்தான் ப எந்தப் பக்கத்தில் நின்றாலும் அதே 12. செவ்வகத்தின் ஓரத்தை முழுக்க ஒரு சுற்று நடந்து வந்தாலும் அந்தக் கூட்டுத்தொகை அசையாது. பொதுவாகச் சொன்னால் நீளம் பெருக்கல் அகலம் வகுத்தல் மூலைவிட்டம். 300 வகுத்தல் 25.

"நிஜமாகவே நடந்து பார்க்கலாமா?" என்று கேட்டாள் பேத்தி. நான் காத்திருந்த கேள்வி.

எங்கள் தாமான் முனையில் சிமெண்டுத் தரை போட்ட பூப்பந்து (பேட்மின்டன்) திடல் இருக்கிறது. இரட்டையர் ஆட்டத்துக்கான முழுத்திடல் 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். இந்த அளவு உலகம் முழுக்க ஒன்றுதான். மூலைவிட்டம் 14.72 மீட்டர். திடல் கோணாமல் இருக்கிறதா என்று கோடு போடுகிறவர்கள் பார்ப்பதே இந்த மூலைவிட்டத்தை வைத்துத்தான். நான்கு பக்கமும் சரியாக இருந்து மூலைவிட்டங்கள் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அது செவ்வகமல்ல, சாய்ந்து நிற்கும் இணைகரம். எங்கள் கணக்கு விதிப்படி 13.40-ஐ 6.10-ஆல் பெருக்கி 14.72-ஆல் வகுத்தால் 5.55 மீட்டர். அதுதான் வர வேண்டும்.

மாலையில் வெயில் இறங்கியதும் மூவரும் போனோம். மளிகைக்கடையில் வாங்கிய சிவப்பு ராஃபியா கயிறு ஒரு சுருள், நான்கு செங்கல், என் பழைய அளவு நாடா. வெளிக்கோட்டு மூலைகளில் கயிற்றைச் செங்கல்லின் அடியில் மாட்டி, வலைக்குக் கீழே நுழைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் தரையோடு தரையாக இழுத்துக் கட்டினோம். ராஃபியா இழுத்தால் கொஞ்சம் நீளும், காற்றில் பதறும். பையன் அதை இறுக்கிக்கொண்டே இருந்தான்.

செங்குத்துத் தூரத்தை நாடாவால் எப்படி அளப்பது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூலைமட்டம் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. நாடாவின் முனையை நாம் நிற்கும் புள்ளியில் ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் நாடாவைக் கயிற்றின் மேல் மெதுவாக இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். கயிறு வெட்டும் இடத்தில் எண் குறைந்துகொண்டே வரும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு ஏற ஆரம்பிக்கும். அந்தக் குறைந்த எண்தான் செங்குத்துத் தூரம். அந்த இடத்தருகே எண் மிக மெதுவாக மாறுவதால் கை கொஞ்சம் நடுங்கினாலும் அளவு கெட்டுப்போகாது. தோட்டத்தில் வாய்க்காலிலிருந்து சாலைக்குத் தூரம் பார்க்க நாங்கள் செய்த வித்தை இது.

பின்கோட்டில் மூலையிலிருந்து 2 மீட்டரில் பேத்தி குந்திக்கொண்டாள். ஒரு கயிற்றுக்கு 1.82, மற்றக் கயிற்றுக்கு 3.74. கூட்டினால் 5.56. பிறகு நீளப்பக்கக் கோட்டுக்கு மாறி மூலையிலிருந்து 5 மீட்டரில் உட்கார்ந்தாள். 2.07-உம் 3.47-உம். கூட்டினால் 5.54. சிமெண்டுத் தரையும் ராஃபியாவும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் ஏமாற்றினால் நான் மன்னித்துவிடுவேன். பந்தடிக்க வந்து கையில் மட்டையோடு காத்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், "அங்கிள், திடலை விற்கப் போகிறீர்களா?" என்றான். துண்டாடல் பற்றி அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல.

திடலைக் காலி செய்துகொடுத்துவிட்டுச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தோம். பேரனுக்கு இன்னும் சமாதானமாகவில்லை. அவன் கேட்டது நல்ல கேள்வி: ஓரத்தில் நின்றால்தானே 12? உள்ளே நின்றால்?

உள்ளே வந்தால் குறையும். நடுப்புள்ளி ற-வில் நின்றால் இரண்டு தூரமும் பூஜ்யம். ற-வுக்கும் ஓரத்துக்கும் சரியாக நடுவில் நின்றால், அந்த இடத்தின் வழியாக அதே மூலைவிட்டங்களின் மேல் ஒரு சின்னச் செவ்வகம் வரையலாம், 10-க்கு 7.5. அதன் ஓரத்தில் எங்கே நின்றாலும் கூட்டுத்தொகை 6. வெளியே போனால் கூடும். கச-வை ச-வுக்கு அப்பால் 5 சென்டிமீட்டர் நீட்டி அங்கே நின்றால் ஒரு தூரம் 15, மற்றது 3, கூட்டினால் 18. அந்தப் புள்ளி 30-க்கு 22.5 என்ற பெரிய செவ்வகத்தின் ஓரத்தில் விழுகிறது. 18 என்பது 12-இன் ஒன்றரை மடங்கு, 30 என்பது 20-இன் ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் ஒரு செவ்வகம், எல்லாவற்றுக்கும் ஒரே மையம், ஒன்றுக்குள் ஒன்றாக.

அப்படியானால் கேள்வியைத் தலைகீழாகவும் கேட்கலாம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து தூரங்களின் கூட்டுத்தொகை 12 வருகிற எல்லாப் புள்ளிகளையும் குறி என்றால், வருவது செவ்வகம். உள்ளே ஒரு புள்ளி மிச்சமில்லை, வெளியே ஒன்று கூடுதலில்லை. வினாத்தாளில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக் கேட்டிருந்தது கொஞ்சம் கஞ்சத்தனம் என்றே எனக்குப் படுகிறது. கூட்டுத்தொகை மாறாது என்பதைக் கொடுத்து, உருவம் எது என்று கேட்டிருந்தால் பிள்ளைகள் வட்டம் என்பார்கள், நீள்வட்டம் என்பார்கள், ஒரு மாலைப்பொழுது நன்றாகப் போயிருக்கும்.

திரும்பி வரும் வழியில் செம்பனைக் காடு ஓரமாக வரும். அங்கே இதே கணக்கு வேறு உருவத்தில் நட்டு வைத்திருக்கிறது. செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை, முக்கோணமாக நடுவார்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர் என்பது வழக்கமான இடைவெளி. அப்படி நட்டால் வரிசைக்கு வரிசை 9 வராது, 7.8 மீட்டர்தான் வரும், சமபக்க முக்கோணத்தின் உயரம் அது. ஒரு மரத்துக்கு 70 சதுர மீட்டர் நிலம், ஹெக்டேருக்கு ஏறக்குறைய 143 மரம், ஏக்கருக்கு 58. சாலை, வாய்க்கால் போனால் குறையும். ஆனால் கன்று கணக்கெழுதும் கிராணி முதலில் இந்த எண்ணைத்தான் கையில் வைத்திருப்பான்.

மூன்று மரங்களுக்கு நடுவே உள்ள முக்கோணத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். மரத்தையும் மரத்தையும் இணைக்கும் மூன்று கோடுகளுக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால் எப்போதும் 7.8 மீட்டர், அதே உயரம். கலிலியோவின் கடைசி ஆண்டுகளில் அவருடன் இருந்த மாணவர் விவியானி, 1622 முதல் 1703 வரை வாழ்ந்தவர். அவர் பெயரால்தான் இந்தத் தேற்றத்தைச் சொல்கிறார்கள். நிரூபணம் நாம் செய்ததுதான்: நிற்கும் இடத்தை மூன்று மரங்களோடும் இணைத்தால் மூன்று முக்கோணங்கள், மூன்றுக்கும் அடிப்பக்கம் 9, மொத்த நிலம் மாறாதது. செவ்வகக் கேள்வியில் நமக்கு மூன்று பக்கமும் சமமாக இல்லை, றக-வும் றச-வும் மட்டும்தான் சமம். ஆனால் ப மூன்றாவது பக்கத்தின் மேலேயே நிற்பதால் அந்தத் தூரம் பூஜ்யம், அது கணக்கில் வரவே இல்லை. இரண்டு பக்கம் சமமாக இருந்தது போதுமானதாகிவிட்டது.

பேத்தி காட்டுக்குள் இறங்கி நாடாவைப் பிடிக்கலாம் என்றாள். இருட்டப் போகிறது, அடுக்கி வைத்த மட்டைகளுக்குள் பாம்பு கிடக்கும் என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பையனுக்கு ஒன்று கொடுத்தேன், சைன் வைத்திருக்கிறவனுக்குச் சைன் கேட்கும் கணக்கு. வாசிக்கிறவர்களும் முயன்று பார்க்கலாம். அதே 20-க்கு 15 செவ்வகம். நான்கு மூலைகளையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம். மையம் ற, ஆரம் 12.5. இப்போது ப செவ்வகத்தின் ஓரத்தில் இல்லை, அந்த வட்டத்தின் மேல் இருக்கிறது. எதிரெதிரான கச, தட என்ற இரண்டு பக்கங்களுக்கும் ப-விலிருந்து தூரம் கண்டு, இம்முறை கூட்டாமல் பெருக்க வேண்டும். மற்ற இரண்டு பக்கங்களுக்கும் அப்படியே, அவற்றை நீட்டித்துக்கொள்ள வேண்டியிருந்தால் நீட்டித்துக்கொண்டு பெருக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் அப்படியே. மூன்று பெருக்குத்தொகைகளும் ஒன்றாக இருக்கும், ப வட்டத்தில் எங்கே இருந்தாலும்.

வசதியான இடம் ஒன்றைக் காட்டித் தருகிறேன். கச-வுக்கு வெளியே, அந்தப் பக்கத்து வில்லின் நடுவில் ப-வை வையுங்கள். கச-வுக்குத் தூரம் 5, தட-வுக்கு 20, பெருக்கினால் 100. சட, கத இரண்டுக்கும் 10, 10, பெருக்கினால் 100. மூலைவிட்டங்களுக்கும் 10, 10. மூன்று இடத்திலும் 100. இந்த முறை ப நகர்ந்தால் அந்த 100 மாறும், ஆனால் மூன்றும் சேர்ந்தே மாறும். பரப்பளவு இதற்குப் பிடி கொடுக்காது. ஒத்த முக்கோணங்களைத் தேட வேண்டும், வட்டத்தில் ஒரே வில்லைப் பார்க்கும் கோணங்கள் சமம் என்பதிலிருந்து தொடங்கினால் வழி தெரியும். பையன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான். பேத்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.